மலைக் குளிரில் மக்கர் செய்யும் பழைய டீசல் லாரி: பழுதைக் கண்டறிவது எப்படி?

மார்கழி, தை மாதங்களில் நீலகிரி விவசாயிகள் பனிக்கு அஞ்சுவது பயிருக்காக மட்டும் அல்ல. விடியலுக்கு முன்பே காரட்டைத் தோண்டி, கழுவி, மூட்டை பிடித்து ஏற்றிய பிறகு லாரி கிளம்ப மறுத்தால் அன்றைய மேட்டுப்பாளையம் மண்டி தவறிவிடும். கழுவிய காரட் மறுநாள் வரை அப்படியே இருக்காது. வாடும், எடை குறையும், விலையும் இறங்கும். சொந்தமாகவோ, நாலைந்து பேர் கூட்டாகச் சேர்ந்தோ பழைய டீசல் லாரி வாங்கி ஓட்டும் சிறு விவசாயிகளுக்கு இது ஆண்டுதோறும் வரும் தொல்லை.

இந்தத் தொல்லையைவிடப் பெரியது, அதற்காகச் செய்யும் வீண் செலவு. வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் "பம்பை இறக்க வேண்டும்" என்று சொல்லிவிடுவது பல ஒர்க்‌ஷாப்புகளில் வழக்கம். பம்பை இறக்கி, காலிப்ரேஷன் செய்து, நாசில்களையும் மாற்றி, பல ஆயிரம் ரூபாய் கொடுத்த பிறகும் மறுநாள் காலை அதே கதைதான். கடைசியில் பார்த்தால் பேட்டரி கேபிளில் பூத்திருந்த உப்போ, டீசல் குழாயில் நசுங்கிய ஒரு செம்பு வாஷரோ காரணமாக இருக்கும். பம்பும் நாசிலும் கடைசியில் கை வைக்க வேண்டியவை. அதற்கு முன்பு விவசாயியே பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடிய காரியங்கள் பல உள்ளன.

குளிரில் ஏன் இந்த அடம்?

பெட்ரோல் இன்ஜினில் பிளக் பொறி தட்டி எரிபொருளைப் பற்ற வைக்கிறது. டீசல் இன்ஜினில் பொறி இல்லை. சிலிண்டருக்குள் வந்த காற்றைப் பிஸ்டன் பதினாறு, பதினேழு மடங்கு நெருக்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைப் போல, நெருக்கப்பட்ட காற்று பழுக்கச் சூடாகிறது. அந்தச் சூட்டில் நாசில் டீசலைப் பூவாகத் தூவ, அது தானே பற்றிக்கொள்கிறது.

ஆகவே சூடுதான் எல்லாம். உள்ளே போகும் காற்று 30 டிகிரி சென்டிகிரேடுக்குப் பதிலாக 0 டிகிரியில் இருந்தால், நெருக்கிய பிறகு கிடைக்கும் சூட்டில் 30 டிகிரி மட்டும் குறைவதில்லை. 60, 70 டிகிரி குறைந்துவிடுகிறது. இரும்பெல்லாம் சில்லிட்டுக் கிடப்பதால் இருக்கும் சூட்டையும் சிலிண்டர் சுவர் உறிஞ்சிக்கொள்ளும். செல்ப் மோட்டார் மெதுவாகச் சுற்றினால் காற்று ரிங் வழியே கசியவும், சூடு தணியவும் நேரம் அதிகம் கிடைக்கிறது.

உதகமண்டலத்துக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. அது சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் சமவெளியில் உள்ளதில் முக்கால் பங்குதான். சிலிண்டருக்குள் போகும் காற்றே குறைவு. மேட்டுப்பாளையத்தில் ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆகும் வண்டி ஊட்டியில் அடம்பிடிப்பதன் ரகசியம் இதுதான். அப்படி ஒரு வண்டி இருந்தால் அது முற்றிலும் கெட்டுவிட்டது என்று பொருள் அல்ல. ஏதோ ஒரு பாகம் விளிம்பில் நிற்கிறது. மலைக் குளிர் அதை வெளியே காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவே.

முதலில் காதால் கேட்க வேண்டும்

சாவியைத் திருப்பியதும் செல்ப் எப்படிச் சுற்றுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். டீசல் இன்ஜின் பற்றிக்கொள்ள நிமிடத்துக்கு 100 முதல் 150 சுற்றாவது தேவை. "டொக்... டொக்..." என்று ஒவ்வொரு பிஸ்டனும் தனித்தனியே எண்ணும்படி இழுத்தால் வேகம் போதாது. அந்த நிலையில் டீசலையோ நாசிலையோ குறை சொல்லிப் பயனில்லை.

மெதுவாகச் சுற்றினால் ஹெட் லைட்டைப் போட்டுக்கொண்டு செல்ப் அடித்துப் பார்க்கலாம். விளக்கு செத்துப்போவதுபோல் மங்கினால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது பேட்டரி முனை இணைப்புகள் சரியில்லை. விளக்கு அவ்வளவாக மங்காமல் செல்ப் மட்டும் திணறினால் செல்ப் கேபிள், சுவிட்ச், கார்பன் பிரஷ் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

0 டிகிரி குளிரில் நல்ல பேட்டரிகூடத் தன் வலுவில் மூன்றில் இரண்டு பங்குதான் கொடுக்கும். கிழட்டுப் பேட்டரியின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. மீட்டர் வைத்திருப்பவர்கள், வண்டி இரவு முழுவதும் நின்ற பிறகு அளந்து பார்க்க வேண்டும். 12 வோல்ட் பேட்டரியில் 12.6 அளவு இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான். செல்ப் அடிக்கும்போது 9.5-க்குக் கீழே போகக் கூடாது. இரண்டு பேட்டரி போட்ட 24 வோல்ட் லாரிகளில் ஒவ்வொன்றையும் தனித்தனியே அளக்க வேண்டும். ஒன்று மட்டும் சரிந்தால் நல்லதையும் சேர்த்துக் கெடுக்கும். செலவுக்குப் பயந்து ஒன்றைப் புதிதாகவும் ஒன்றைப் பழையதாகவும் போடுவது கடைசியில் அதிகச் செலவில் கொண்டுபோய் விடும்.

பேட்டரி நன்றாக இருந்தும் செல்ப் இழுக்கிறதா? பத்து விநாடி அடித்துவிட்டு, கேபிள் இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். எந்த இணைப்பு சுடுகிறதோ அங்கேதான் கோளாறு. பலரும் பேட்டரி முனையைச் சுத்தம் செய்வதோடு நிறுத்திவிடுகிறார்கள். இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் இடையே போகும் எர்த் பட்டையை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. மழையிலும் சேற்றிலும் ஓடும் வண்டியில் துருப்பிடிப்பது அந்தப் பட்டையின் போல்ட்தான். கழற்றி, எமரித் தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் பூசினால் பாதி வண்டிகள் வேகமாகச் சுற்றத் தொடங்கும். இரவில் காரட் கழுவுகிற இடத்துக்கு லாரியின் ஹெட் லைட்டையே வெளிச்சமாக வைத்துக்கொண்டால் காலையில் பேட்டரியைக் குறை சொல்ல முடியாது.

இன்ஜின் ஆயிலும் ஒரு காரணம். 40 எண் ஒற்றைத் தர ஆயில் குளிரில் பாகுபோல் கெட்டியாகிவிடும். வண்டிக் கையேட்டில் அனுமதி இருந்தால் மலைக்கு 15டபிள்யூ-40 ஆயில் நல்லது.

புகை சொல்லும் சேதி

செல்ப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் ஒருவரை சைலன்சர் முனையில் நிறுத்திவிட்டுச் செல்ப் அடிக்க வேண்டும். இந்த ஒரு சோதனைக்குக் காசு இல்லை. ஆனால் பழுது எந்தப் பக்கம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனையும் இல்லை.

புகையே வரவில்லை என்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. வெள்ளைப் புகை வந்து, கண்ணைக் கரித்து, பச்சை டீசல் நெடி அடித்தால் டீசல் போகிறது, ஆனால் எரியவில்லை. அதாவது சூடு போதவில்லை. இவை இரண்டும் நேரெதிரான பழுதுகள். இரண்டுக்கும் ஒரே மருந்தாகப் பம்பை இறக்குவதுதான் வழக்கத்தில் உள்ள பெரிய தவறு.

ஸ்டார்ட் ஆன பிறகு நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் ஏர் பில்டர் அடைப்பு, அல்லது நாசில் ஒழுகல். இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நீராவிபோல் வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் ஹெட் காஸ்கெட்டைப் பார்க்க வேண்டும்.

புகையே இல்லை என்றால்

முதலில் ஸ்டாப் கேபிள். இன்ஜினை நிறுத்த இழுக்கும் கம்பி துருப்பிடித்து, திரும்பிப் போகாமல் பாதியில் நின்றுவிடுவது சாதாரணம். அது அப்படி நின்றால் பம்ப் டீசலே தராது. பம்பில் உள்ள லீவர் ஓடும் நிலைக்கு முழுவதும் வந்திருக்கிறதா என்று கையால் தள்ளிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது இரவில் டீசல் பின்னோக்கி இறங்கிவிடுவது. முந்திய நாள் மாலை நன்றாக ஓடிய வண்டி, காலையில் அரை நிமிடம் செல்ப் அடித்த பிறகு ஒரு சிலிண்டர், இரண்டு சிலிண்டர் என்று பிடித்துக் கிளம்பினால் பெரும்பாலும் இதுதான். எங்கோ ஒரு நூலிழை வழியாகக் காற்று உள்ளே போகிறது. காற்று போனால் குழாயில் நிற்கும் டீசல் டேங்குக்கே இறங்கிவிடும். ஓடும்போது அந்த இடத்தில் டீசல் ஒழுகாது. காற்றுதான் உள்ளே இழுபடும். அதனால் கண்ணுக்குத் தெரியாது.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. காலையில் சாவியைத் தொடுவதற்கு முன்பு பீட் பம்பில் உள்ள கைப் பம்பை இருபது, முப்பது முறை அடிக்க வேண்டும். நல்ல வண்டியில் சில அடியிலேயே கை இறுகும். நெடுநேரம் வெறுமனே போய்வந்துவிட்டுப் பிறகு இறுகி, வண்டியும் உடனே ஸ்டார்ட் ஆனால் சந்தேகம் தீர்ந்தது. மலைக்காரர்களுக்கு இன்னொரு சோதனையும் கைவசம் இருக்கிறது. ஒரு நாள் இரவு வண்டியின் முகம் மேட்டைப் பார்க்கவும், மறுநாள் பள்ளத்தைப் பார்க்கவும் நிறுத்த வேண்டும். முகம் மேட்டைப் பார்த்து நின்றால் டேங்க் இன்னும் தாழ்ந்து, டீசல் எளிதாக இறங்கும். அன்று மட்டும் தொல்லை அதிகம் என்றால் பழுது குழாயில்தான். இரண்டு நாளும் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க மறக்கக் கூடாது.

இடத்தைக் கண்டுபிடிக்க, டேங்கிலிருந்து தொடங்க வேண்டும். ரப்பர் ஹோஸின் முனைகளை மடக்கிப் பார்த்தால் வெடிப்பு தெரியும். பீட் பம்ப், பில்டர் இணைப்புகளில் உள்ள செம்பு வாஷர்களைக் கழற்றும்போதெல்லாம் புதிதாகப் போட வேண்டும். நசுங்கிய வாஷரை இன்னும் இறுக்குவதால் திருகுதான் அறும். அப்படியும் தெரியாவிட்டால் பில்டருக்கும் பம்புக்கும் நடுவே உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாக மாட்டி ஓட்டிப் பார்க்கலாம். குமிழி ஓடுவது கண்ணிலேயே தெரியும். குமிழி அங்கே தெரியாமல், வண்டி நின்ற பிறகு டீசல் மட்டம் இறங்கினால் பீட் பம்பின் வால்வு சரியாக மூடவில்லை. அதற்குத் தனி ரிப்பேர் கிட் கிடைக்கும். பெரிய பம்பைத் தொட வேண்டியதில்லை.

பழுதைச் சரிசெய்த பிறகு ஏர் எடுக்க வேண்டும். பில்டர் தலையில் உள்ள திருகைத் தளர்த்தி, குமிழி நின்று தெளிந்த டீசல் வரும்வரை கைப் பம்பை அடித்து, டீசல் வரும்போதே இறுக்க வேண்டும். பிறகு பம்பில் உள்ள திருகிலும் அப்படியே.

பில்டருக்கு அடியில் தேங்கும் தண்ணீரை வாரம் ஒருமுறை வடிப்பது நல்லது. குளிர் காலத்தில் டேங்க் பாதி காலியாக நின்றால் உள்ளே பனி வியர்த்துத் தண்ணீராகும். மாலையிலேயே டீசல் நிரப்பிவிடுவது இதற்கு மருந்து. இன்னொன்றும் உண்டு. டீசலில் மெழுகுப் பொருள் கலந்திருக்கிறது. கடும் குளிரில் அது கெட்டியாகிப் பில்டரை அடைக்கும். இந்தியத் தர அளவுப்படி குளிர்கால டீசல் 3 டிகிரி வரையிலும், கோடைகால டீசல் 15 டிகிரி வரையிலும் ஓடும் தன்மையோடு இருந்தால் போதும். சமவெளியில் நிரப்பிய டீசல் மலையில் உறைபனி விழும் இரவில் பில்டரில் மங்கலாகத் திரளலாம். லடாக் போன்ற இடங்களுக்கு 2019-ல் மைனஸ் 33 டிகிரி வரை தாங்கும் தனி டீசலே வந்தது. நீலகிரிக்கு அவ்வளவு தேவையில்லை. பில்டர் மீது துணியைச் சுற்றி வெந்நீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். அதன் பிறகு வண்டி பிடித்துக்கொண்டால் காரணம் மெழுகுதான். அந்த மாதங்களில் மலையிலேயே டீசல் போடுவது மேல்.

வெள்ளைப் புகை என்றால்

டீசல் வருகிறது, சூடு இல்லை. சூடு தருவதற்கென்றே சில இன்ஜின்களில் ஹீட்டர் பிளக்குகள் உண்டு. பழைய ஜீப், வேன், சிறு லாரி பலவற்றில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒன்று இருக்கும். நேரடியாக டீசல் தூவும் பெரிய லாரி இன்ஜின்களில் பெரும்பாலும் இருக்காது. அவற்றில் சில பம்புகளில் ஸ்டார்ட் செய்யும்போது கூடுதல் டீசல் கொடுக்க ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்த வேண்டும் என்பதே பல புதிய டிரைவர்களுக்குத் தெரிவதில்லை. வண்டி கை மாறும்போது இந்த விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். டிராக்டர்கள் சிலவற்றில் காற்று உள்ளே போகும் மானிபோல்டில் ஒரு ஹீட்டர் இருக்கும். சாவியை ஹீட் நிலையில் 15, 20 விநாடி பிடித்துவிட்டு அந்த இடத்தில் கை வைத்தால் வெதுவெதுப்பு தெரிய வேண்டும்.

ஹீட்டர் பிளக்கைச் சோதிக்க ஒரு 12 வோல்ட் பல்பு போதும். பிளக்குகளை இணைக்கும் தகட்டைக் கழற்றிவிட்டு, பல்பின் ஒரு வயரைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் மற்றதைப் பிளக்கின் தலையிலும் வைக்க வேண்டும். பல்பு எரிந்தால் பிளக் உயிரோடு இருக்கிறது. எரியாவிட்டால் செத்துவிட்டது. எல்லாப் பிளக்கும் நன்றாக இருந்தால் தகட்டுக்குக் கரண்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும், ரிலே போயிருக்கலாம். மிகப் பழைய வண்டிகளில் பிளக்குகள் ஒன்றன் பின் ஒன்றாகத் தொடர் இணைப்பில் இருக்கும். திருவிழா சீரியல் பல்பு போல ஒன்று போனால் அத்தனையும் போய்விடும். நான்கையும் மாற்றுமுன் போனது எது என்று பார்ப்பது சிக்கனம்.

ஹீட்டர் இல்லாத வண்டி, அல்லது ஹீட்டர் நன்றாக இருந்தும் வெள்ளைப் புகை என்றால் கம்ப்ரஷன் சந்தேகம் வரும். இங்கேயும் உடனே ரீபோர் வேலைக்குப் போய்விடக் கூடாது. முதலில் டேப்பட் இடைவெளி. டேப்பட் இறுகிப்போனால் வால்வு முழுதும் மூடாது; நெருக்கிய காற்று அதன் வழியே கசிந்துவிடும். பிலர் கேஜ் வைத்து அரை மணி நேரத்தில் சரிசெய்யும் வேலை. இதிலேயே பல வண்டிகள் திருந்திவிடும். அண்மையில் யாராவது பம்பைக் கழற்றி மாட்டியிருந்தால் டைமிங் பின்தங்கி மாட்டப்பட்டிருக்கலாம். அதனாலும் இதே வெள்ளைப் புகை வரும்.

ஸ்டார்ட் ஆகி, ஒன்றிரண்டு நிமிடம் நொண்டி, வெள்ளைப் புகை கக்கிப் பிறகு தெளிந்தால் ஒரு சிலிண்டர் மட்டும் சோம்பேறியாக இருக்கிறது. நொண்டும்போதே ஒவ்வொரு நாசில் குழாயின் நட்டையும் சற்றுத் தளர்த்தி இறுக்க வேண்டும். தளர்த்தியதும் இன்ஜின் மேலும் தடுமாறினால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது. தளர்த்தியும் வித்தியாசமே இல்லை என்றால் அதுதான் குற்றவாளி. நட்டுக்கு மேல் கந்தைத் துணி போட்டுக்கொள்ள வேண்டும். பீறிடும் டீசலுக்கு நேரே கையை நீட்டக் கூடாது. தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். மேலே சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனால் விரலையே எடுக்க நேரிடும். இந்தச் சோதனை பழைய சாதாரணப் பம்ப் வண்டிகளுக்கு மட்டும்தான். 1,000 கிலோவுக்கு மேல் அழுத்தம் உள்ள புதிய காமன் ரெயில் வண்டிகளில் எந்த நட்டையும் தொடவே கூடாது.

அந்த ஒரு நாசிலை மட்டும் கழற்றி டெஸ்டரில் வைத்தால் தெரிந்துவிடும். நல்ல நாசில் கரகரவென்று சத்தமிட்டுப் புகைபோல் தூவும், கெட்டது ஒழுகும். நாசில் நன்றாக இருந்தால் மட்டுமே கம்ப்ரஷன் கேஜுக்குப் போக வேண்டும். அதில் சிலிண்டர்களுக்குள் உள்ள வித்தியாசமே முக்கியம். பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஒன்று பின்தங்கினால் ரிங், லைனர், வால்வு வேலை தவிர்க்க முடியாது.

இன்னொரு குறிப்பு. குளிரில் நன்றாக ஸ்டார்ட் ஆகி, சூடான பிறகு நிறுத்தினால் கிளம்ப மறுக்கும் வண்டியும் உண்டு. ரோட்டரி பம்ப் உள்ள வண்டியில் இப்படி நடந்தால் அப்போது பம்ப் தேய்மானத்தைச் சந்தேகிப்பதில் நியாயம் இருக்கிறது.

ஆபத்தான குறுக்கு வழிகள்

காற்று போகும் வாயில் தீப்பந்தம் காட்டுவதும், டேங்குக்கு அடியில் நெருப்பு மூட்டுவதும் இன்னும் நடக்கின்றன. வண்டியும் சரக்கும் சேர்ந்து எரிவதற்கு அது போதும். ஈதர் ஸ்பிரே அடிப்பதும் அப்படியே. ஹீட்டர் உள்ள இன்ஜினில் அதை அடித்தால் மானிபோல்டிலேயே வெடிக்கும். ஹீட்டர் இல்லாத இன்ஜினிலும் அளவு மீறினால் ரிங் உடையும்.

சரிவில் நிறுத்தி உருட்டி ஸ்டார்ட் செய்வதைச் சாமர்த்தியமாக நினைப்பவர்கள் உண்டு. இன்ஜின் ஓடாதபோது பிரேக்குக்குக் காற்றோ வேக்குவமோ தொடர்ந்து கிடைக்காது. மூன்று டன் மூட்டையோடு கொண்டை ஊசி வளைவை நோக்கி உருளும் வண்டி பிடிக்காமல் போனால் என்ன ஆகும் என்பதை மலைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டும் பழைய வண்டியில் காலையில் ரேடியேட்டரில் வெதுவெதுப்பான நீர் ஊற்றுவது நல்ல பழக்கம். கொதிநீர் கூடாது, சில்லிட்ட இரும்பு விரிசல் விடும். உறைபனி விழும் இடங்களில் இரவில் தண்ணீரை வடித்துவிட வேண்டும், அல்லது உறையாத கூலண்ட் ஊற்ற வேண்டும். எந்த வண்டியானாலும் செல்பை 15 விநாடிக்கு மேல் ஒரேயடியாக அடிக்காமல், ஒன்றிரண்டு நிமிடம் விட்டு மறுபடி அடிக்க வேண்டும்.

ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது

வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடும்போது பிற்பகல் ஆகியிருக்கும், இன்ஜினும் சூடாக இருக்கும். அங்கே அது ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆகும். மெக்கானிக் பார்க்காத பழுதை அவர் ஊகிக்கத்தான் முடியும். எனவே மூன்று நாள் காலையில் கண்டதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போக வேண்டும். செல்ப் வேகமாகச் சுற்றியதா, இழுத்ததா? எத்தனை விநாடியில் பிடித்தது? புகை வந்ததா, என்ன நிறம்? கைப் பம்ப் அடித்த நாளில் மாற்றம் இருந்ததா? முகம் எந்தப் பக்கம் பார்த்து நின்றது? முடிந்தால் முந்திய நாள் மாலையே வண்டியை ஒர்க்‌ஷாப்பில் நிறுத்திவிட்டு, விடியற்காலை முதல் ஸ்டார்ட்டை மெக்கானிக் முன்னிலையிலேயே செய்ய வேண்டும். அதற்குப் பிறகும் பம்பை இறக்கத்தான் வேண்டும் என்றால், காலிப்ரேஷன் மேடையில் இறக்கிய நிலையில் என்ன அளவு, சரிசெய்த பிறகு என்ன அளவு என்று இரண்டையும் எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.